ரெஸ்லிங் ரசிகர் பத்திரிகைகள்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

பழைய ரெஸ்லிங் பத்திரிகை ஒன்றை முதல்முறையாகப் புரட்டுகிறவருக்குத் தலை சுற்றும். அட்டையில் நெற்றி முழுக்க ரத்தம் வழிய ஒரு முகம். உள்ளே, அந்த ரத்தத்துக்குக் காரணமான ஆளின் பேட்டி. கொஞ்சமும் வருத்தம் இல்லாமல், இன்னும் ரெண்டு அடி கொடுத்திருப்பேன் என்கிற தோரணையில் பேசியிருப்பார். அடுத்த பக்கத்தில் தரவரிசை, அதற்கடுத்து ஊர் ஊராக வெற்றி தோல்விக் கணக்கு. எல்லாம் அசல் விளையாட்டுப் பத்திரிகை மாதிரியே இருக்கும். ஆனால் யார் ஜெயிக்க வேண்டும் என்று முன்னாலேயே முடிவு செய்துவிட்டுத்தானே மேடை ஏறுகிறார்கள்? அப்படியானால் இந்தப் பத்திரிகைகள் எதைச் செய்தி என்று அச்சடித்தன?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் இந்தப் பத்திரிகைகளின் பலமும் பலவீனமும் பாதி புரிந்துவிடும்.

தொழில்முறை ரெஸ்லிங்கில் முடிவு எழுதி வைக்கப்பட்டது. ‘புக்கர்’ என்று ஒருவர் இருப்பார். யார் யாரோடு மோத வேண்டும், சாம்பியன் பட்டத்துக்கான பெல்ட் யாரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கு. விழுகிற விழுகையும் முறிகிற எலும்பும் நிஜம், பகை மட்டும் கதை. அந்தக் கதையை வெளியுலகில் நிஜம் என்றே காட்டிக்கொள்ளும் வழக்கத்துக்கு கேஃபேப் என்று பெயர். நல்லவராக வருபவர் பேபிஃபேஸ், கெட்டவராக வருபவர் ஹீல். இந்த இருவரும் ஒரே ஓட்டலில் சேர்ந்து சாப்பிடுவதைக்கூட ரசிகர்கள் பார்த்துவிடக்கூடாது என்கிற அளவுக்குப் பல ஆண்டுகள் இந்தக் கட்டுப்பாடு இருந்தது.

பத்திரிகைகளை இந்தத் திரையை வைத்தே பிரிக்கலாம். திரைக்கு முன்னால் நின்று, நடப்பதையெல்லாம் நிஜம் என்று எழுதியவை கடைகளில் தொங்கிய மாத இதழ்கள். கம்பெனியே நடத்திய இதழ்கள் இன்னொரு வகை. திரைக்குப் பின்னால் புகுந்து வியாபாரத்தை எழுதியவை, தபாலில் சந்தாதாரருக்கு மட்டும் போன செய்திமடல்கள். கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் படித்தால், இல்லாததை நம்புவீர்கள் அல்லது இருப்பதைச் சந்தேகப்படுவீர்கள்.

கடையில் தொங்கியவை

அமெரிக்காவில் இந்த முதல் வகைக்குப் பெரிய பெயர் ஸ்டான்லி வெஸ்டன். 1960-களிலேயே தி ரெஸ்லர், இன்சைட் ரெஸ்லிங் என்று இதழ்கள் நடத்தியவர். 1979-இல் வந்த ப்ரோ ரெஸ்லிங் இல்லஸ்ட்ரேட்டட் அந்தக் குடும்பத்தின் முக்கியமான இதழ் ஆனது. அதன் முகமாக ரசிகர்களுக்குத் தெரிந்தவர் பில் ஆப்டர். கேமராவோடு ரிங்குக்குப் பக்கத்திலேயே இருந்தவர். அதனால் இந்தக் கூட்டத்து இதழ்களை எல்லாம் ‘ஆப்டர் மேக்ஸ்’ என்றே ரசிகர்கள் அழைத்தார்கள், முதலாளி அவர் இல்லாவிட்டாலும்.

இவற்றின் பெரிய பலத்தை இன்றைய ரசிகர் உணர்வது கொஞ்சம் கடினம். 1980-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ரெஸ்லிங் வட்டார வியாபாரம். மெம்ஃபிஸுக்கு ஒரு கம்பெனி, போர்ட்லண்டுக்கு ஒன்று, டல்லாஸுக்கு ஒன்று, ஃப்ளோரிடாவுக்கு ஒன்று. 1948-இல் தொடங்கிய நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பின் கீழ் பலரும் எல்லை பிரித்துக்கொண்டு தொழில் செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உள்ளூர் டிவி நிகழ்ச்சி. போர்ட்லண்டில் இருப்பவர் மெம்ஃபிஸ் நிகழ்ச்சியைப் பார்க்க வழியே இல்லை. நாட்டின் மறுகோடியில் யார் சாம்பியன், யார் முகம் எப்படி இருக்கும் என்பதை அவர் தெரிந்துகொண்டது பத்திரிகைக் கடையில்தான். வட்டாரம் வட்டாரமாகப் பத்துப் பேர் கொண்ட தரவரிசை, எந்த ஊரில் எந்தத் தேதியில் யார் யாரை வென்றார் என்ற சிறிய எழுத்துப் பக்கங்கள், இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு தேசத்தின் ரெஸ்லிங் வரைபடம் கையில் இருக்கும். ரசிகர்கள் அவசரமாகத் தாண்டிப் போன அந்தப் பொடி எழுத்துப் பக்கங்களுக்குத்தான், என்னைக் கேட்டால், இன்று மதிப்பு அதிகம். பல வட்டாரக் கம்பெனிகள் தங்கள் டேப்புகளை அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்த வார நிகழ்ச்சியைப் பதிவு செய்தன. படம் போய்விட்டது, பத்திரிகை வரி நிற்கிறது.

பேனா நண்பர்கள் பக்கத்தையும் விட்டுவிட முடியாது. ஊருக்கு ஒருவராகத் தனியாகக் கிடந்த ரசிகர்கள் அதன் வழியாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள், வீடியோ வந்த பிறகு டேப் மாற்றிக்கொண்டார்கள். பின்னால் கேஃபேபை உடைத்த செய்திமடல்களுக்கு வாசகர்கள் கிடைத்ததும் இந்தத் தொடர்புகளில்தான்.

புகைப்படங்கள் இன்னொரு பலம். பிற்காலத்தில் பெரிய மேனேஜர்களாக (ரெஸ்லரோடு மேடைக்கு வந்து அவருக்காகப் பேசுபவர்) வந்த ஜிம் கார்னெட், பால் ஹேமன் இருவருமே பதின்ம வயதில் ரிங் ஓரம் கேமராவோடு நின்றவர்கள். பத்திரிகைக்குப் படம் எடுப்பது இந்தத் தொழிலுக்குள் நுழையும் ஒரு வாசலாகவே இருந்தது.

பில் ஆப்டரின் கதை ஒன்று இதை நன்றாகக் காட்டும். நகைச்சுவை நடிகர் ஆண்டி காஃப்மனுக்கு ரெஸ்லிங்கில் இறங்க ஆசை. நியூயார்க் வட்டார ரெஸ்லிங்கை ஆண்ட வின்ஸ் மக்மஹன் சீனியர் இடம் தரவில்லை. அப்போது தன் வீட்டிலிருந்தே மெம்ஃபிஸில் இருந்த ரெஸ்லர் ஜெர்ரி லாலருக்கு ஃபோன் போட்டு இருவரையும் பேச வைத்தவர் ஆப்டர். விளைவு, 1982 ஏப்ரலில் மெம்ஃபிஸில் நடந்த காஃப்மன் – லாலர் மோதல். ரெஸ்லிங் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த ஒன்று அது. ஒரு பத்திரிகையாளர் செய்தி சேகரிப்பதோடு நிற்காமல் செய்தியை உண்டாக்கியும் கொடுத்திருக்கிறார். நல்ல கதைதான், ஆனால் இதில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இல்லாத பேட்டிகள்

இப்போது பலவீனம். ஒரு சினிமாப் பத்திரிகை, நடிகரை விட்டுவிட்டு அவர் நடித்த வில்லன் பாத்திரத்தைப் பேட்டி கண்டு போட்டால் எப்படி இருக்கும்? கடை இதழ்கள் மாதாமாதம் செய்தது இதைத்தான். பேட்டிகளில் பல, ஆசிரியர் மேசையிலேயே பிறந்தவை. ரெஸ்லர் சொல்லாததை அவர் பெயரில் எழுதினார்கள். பத்தி எழுதியவர்களிலேயே சிலர் கற்பனை மனிதர்கள். ஹீல்களுக்காக வாதாடும் ஒரு பத்தியாளர், அவரைத் திட்டி வாசகர் கடிதங்கள் என்று பத்திரிகைக்கு உள்ளேயே ஒரு குட்டி ரெஸ்லிங் நடந்துகொண்டிருக்கும்.

இது பெரிய குற்றம் என்று நான் நினைக்கவில்லை. கற்பனை என்று தெரிந்து படித்தால் சுவாரசியமாகவே இருக்கும். உண்மையான குறை அச்சில் வந்ததில் இல்லை, அச்சில் வராமல் போனதில் இருக்கிறது. பொய்ப் பேட்டியைப் பழகிய கண் கண்டுபிடித்துவிடும். விடுபட்டதை எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது.

1987 மே மாதம் நியூஜெர்ஸியில் போலீஸ் ஒரு காரை நிறுத்தியது. உள்ளே போதைப்பொருள். காரில் இருந்தவர்கள் ஹாக்சா ஜிம் டக்கன், அயர்ன் ஷீக். டக்கன் அமெரிக்கக் கொடி ஏந்தி வரும் தேசபக்தர், ஷீக் ஈரானியக் கெட்டவர். இருவரும் அப்போது மேடையில் எதிரிகள். கைது செய்தி நாளிதழ்களில் வந்தது. போதைப்பொருளைவிடப் பெரிய செய்தி, எதிரிகள் ஒரே காரில் போனதுதான். பகை நிஜம் என்ற அடிப்படையில் நடக்கும் ஒரு பத்திரிகை இப்படிப்பட்ட சம்பவத்தை நேராக எழுதினால், தன் மற்ற பக்கங்களையெல்லாம் தானே பொய் என்று சொன்ன மாதிரி. ஊக்கமருந்து, சம்பளத் தகராறு, காயத்தோடு ஆட வைப்பது எல்லாவற்றுக்கும் இதே கதி. பென்சில்வேனியா மருத்துவர் ஜார்ஜ் ஸகோரியன் ரெஸ்லர்களுக்கு ஸ்டீராய்டு விற்ற வழக்கில் 1991-இல் குற்றவாளி என்று தீர்ப்பானபோது, பல ரசிகர்களுக்கு அது இடி விழுந்த மாதிரி இருந்தது. மாதம் ஒன்றுக்கு மேல் பத்திரிகை வாங்கியவர்களுக்கும்தான்.

சரி, ரகசியம் கம்பெனிகளின் கட்டாயத்தால்தானே என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆமாம். ஆனால் 1989-இல், விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து தப்பிக்க, ரெஸ்லிங் வெறும் பொழுதுபோக்குத்தான் என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நிறுவனமே நியூஜெர்ஸி செனட் முன் ஒப்புக்கொண்டது. அதன் பிறகும் கடை இதழ்கள் நெடுங்காலம் பழைய தோரணையை விடவில்லை.

இன்னொரு பலவீனம் காலதாமதம். இதில் சதி எதுவும் கிடையாது, அச்சுத் தொழிலின் இயல்பு. எழுதி, அச்சடித்து, லாரி ஏறி, கடைக்கு வருவதற்குள் வாரக்கணக்கில் ஆகிவிடும். அட்டையில் போடும் மாதமோ கடைக்கு வரும் மாதத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். அயர்ன் ஷீக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1983 டிசம்பர் 26 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாப் பேக்லண்டை வென்று சாம்பியன் ஆனார். 1984 ஜனவரி 23 அன்று அதே அரங்கில் ஹல்க் ஹோகனிடம் பட்டத்தை இழந்தார். நான்கு வாரம். அவர் சாம்பியன் ஆன செய்தியோடு மாத இதழ் கடைக்கு வரும்போது ஊரெல்லாம் ஹோகன் காய்ச்சல். அதனால் பழைய இதழ்களில் தேதி பார்க்கும்போது அட்டை மாதத்தை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். உள்ளே உள்ள ஆட்டத் தேதிதான் கணக்கு.

ஐந்நூறு பேர் பட்டியல்

1991-இல் ப்ரோ ரெஸ்லிங் இல்லஸ்ட்ரேட்டட் ஒரு வேலை செய்தது. உலகம் முழுக்க உள்ள ரெஸ்லர்களில் ஐந்நூறு பேரை வரிசைப்படுத்தியது. முதல் ஆண்டு முதலிடம் ஹல்க் ஹோகனுக்கு. ஓராண்டுக் காலத்தில் வெற்றி தோல்வி, பட்டங்கள், திறமை, யாரோடு மோதினார் என்று அளவுகோல்கள் வைத்தார்கள். முடிவு எழுதி வைக்கப்பட்ட ஆட்டத்துக்கு வெற்றி தோல்விப் புள்ளியா என்று சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் 1997 பட்டியலைப் பாருங்கள். முதலிடம் டீன் மலென்கோ. சத்தம் போடாதவர், பெரிய போஸ்டர்களில் முன்னால் நிற்காதவர், மல்யுத்த நுணுக்கத்தில் கெட்டிக்காரர். ஹோகனும் ஸ்டீவ் ஆஸ்டினும் கூட்டம் இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் எந்த விளம்பரப் பிரிவும் அவரை முதலில் வைத்திருக்காது. வெளியிலிருந்து நடத்தும் பத்திரிகைக்குத்தான் அந்த உரிமை உண்டு. பட்டியலின் அடிமட்டம் இதைவிட முக்கியம். நானூறுக்குக் கீழே வரும் பெயர்கள் சின்னச் சின்ன அரங்குகளில் ஆடியவர்கள். எங்கே ஆடினார்கள் என்ற குறிப்பாவது அவர்களைப் பற்றி அச்சில் இருக்கிறது. இன்றும் தன் பெயர் 478-ஆவது இடத்தில் வந்ததைப் பெருமையாகக் காட்டும் ரெஸ்லர்கள் இருக்கிறார்கள். பெண்களுக்கான பட்டியல் 2008-இல்தான் தனியாக வந்தது, அதுவும் முதலில் ஐம்பது பேருக்கு மட்டும். இந்தப் பத்திரிகைகள் யாரை ரசிகர்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தன என்பதற்கு இதுவே போதும்.

கம்பெனி இதழ்கள்

1983-இல் விக்டரி என்ற பெயரில் தொடங்கி மறு ஆண்டே டபிள்யூ.டபிள்யூ.எஃப். மேகஸின் ஆனது இந்த வகையில் பெரியது. பளபளப்பான காகிதம், அருமையான வண்ணப் படங்கள், போஸ்டர், உடைமாற்றும் அறை வரை போகும் கேமரா. வெளியாருக்குக் கிடைக்காத நெருக்கம். அதோடு, ஆப்டர் போன்ற வெளிப் புகைப்படக்காரர்களை ரிங் ஓரத்திலிருந்து விலக்கியதும் இந்தக் காலத்தில்தான். தன் படத்தைத் தானே விற்கலாம் என்னும்போது அடுத்தவரை ஏன் எடுக்க விட வேண்டும் என்ற கணக்கு.

இதில் வேறு கம்பெனி என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே தெரியாது. விலகிப் போனவர் அடுத்த இதழிலிருந்து காணாமல் போவார். படங்களுக்காக வைத்துக்கொள்ளலாம், தகவலுக்காக அல்ல. 2014-இல் நின்றது.

தபாலில் வந்த உண்மை

டேவ் மெல்ட்ஸர் 1980-களில் நடத்தத் தொடங்கிய ரெஸ்லிங் அப்சர்வர் செய்திமடலில் படம் கிடையாது, அழகு கிடையாது. பக்கம் நிறைய நெருக்கமாகத் தட்டச்சு செய்த எழுத்து. 1987-இல் வேட் கெல்லர் ப்ரோ ரெஸ்லிங் டார்ச் தொடங்கினார். யார் புக்கர், டிக்கெட் எவ்வளவு விற்றது, யாருடைய ஒப்பந்தம் முடிகிறது என்று கடை இதழ்கள் தொடவே முடியாத விஷயங்கள் இவற்றில் வந்தன. விளம்பரத்தை நம்பாமல் சந்தாவை நம்பியதால் யாருக்கும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. தொழிலில் இருந்தவர்கள் இவற்றை ‘டர்ட் ஷீட்’ (அழுக்குத் தாள்) என்று திட்டினார்கள், திட்டிக்கொண்டே படித்தார்கள்.

வித்தியாசத்தை ஓர் எண்ணில் பார்க்கலாம். டபிள்யூ.டபிள்யூ.எஃப்.-இன் பெரிய ஆண்டு நிகழ்ச்சி ரெஸ்ல்மேனியா. 1987-இல் நடந்த மூன்றாவது ரெஸ்ல்மேனியாவுக்கு வந்த கூட்டம் 93,173 என்று கம்பெனி அறிவித்தது. மெல்ட்ஸர் சொல்லும் கணக்கு சுமார் 78,000. கம்பெனி சொன்ன எண் எங்கும் பரவியது. செய்திமடல் படித்தவர்களுக்குத்தான் அதில் ஒரு தகராறு இருப்பதே தெரியும்.

ஆனால் இவற்றையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. தகவல் தருபவர்கள் பெயர் சொல்லமாட்டார்கள். பொய் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஃபோனில் சொல்வதை எழுதுகிறார்கள். வேண்டுமென்றே தவறான கதையைக் கசியவிடும் பழக்கமும் அங்கே உண்டு. ஆட்டங்களுக்கு மெல்ட்ஸர் தரும் நட்சத்திரப் புள்ளிகள் வேறு. ஐந்துதான் உச்சம் என்று பலரும் நினைத்திருந்தபோது, 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோவில் ஒகாடா – கென்னி ஒமேகா ஆட்டத்துக்கு மெல்ட்ஸர் ஆறு கொடுத்தார். அது ஒருவருடைய ரசனை. பல ரசிகர்கள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

இரண்டுக்கும் நடுவில் நின்ற இதழ்களும் உண்டு. பிரிட்டனில் 1994 முதல் 2014 வரை வந்த பவர் ஸ்லாம் கடையில் விற்றது, வண்ணப் படம் போட்டது, அதேசமயம் ஆட்டம் மோசம் என்றால் மோசம் என்றே எழுதியது. கையில் கிடைத்தால் புதியவர்கள் தயங்காமல் படிக்கலாம்.

நெருக்கத்தின் விலை

பில் ஆப்டர் கதையில் சிக்கல் இருக்கிறது என்றேனே, அது இதுதான்: செய்தி வேண்டுமென்றால் கம்பெனியோடு நெருக்கம் வேண்டும், நெருக்கம் வந்தால் பத்திரிகையும் அந்த நாடகத்தில் ஒரு பாத்திரம் ஆகிவிடும். மெக்சிகோவில் லூச்சா லிப்ரே என்ற பத்திரிகையை நடத்திய வலேன்டே பெரெஸ், 1960-களில் மில் மாஸ்கராஸ் என்ற முகமூடி வீரரை வளர்த்துவிட்டார். பத்திரிகைப் பக்கங்களிலேயே பாத்திரம் உருவாகி, பிறகு அரங்கில் பெரிய நட்சத்திரமாகி, ஜப்பான் வரை போனது.

ஜப்பானில் இது உச்சத்துக்கே போனது. அங்கே இரண்டு வார இதழ்கள் கடும் போட்டியில் இருந்தன: ஷூகான் புரோரெஸ், ஷூகான் காங். வார இதழ் என்பதால் அமெரிக்க இதழ்களின் தாமதம் அங்கே இல்லை. புரோரெஸ் ஆசிரியர் டார்ஸான் யமமோட்டோவின் செல்வாக்கு எந்த அளவுக்கு வளர்ந்தது என்றால், 1995 ஏப்ரல் 2 அன்று பத்திரிகையே டோக்கியோ டோமில் ஒரு நிகழ்ச்சி நடத்தியது. ஒன்றோடொன்று முகம் கொடுக்காத கம்பெனிகள் உட்பட 13 கம்பெனிகளின் வீரர்கள் ஒரே மேடைக்கு வந்தார்கள். எந்த முதலாளியாலும் முடியாததை ஒரு பத்திரிகை செய்தது.

மறு ஆண்டே கதை திரும்பியது. பத்திரிகை எழுதியது பிடிக்காமல் நியூ ஜப்பான் கம்பெனி அதன் செய்தியாளர்களை உள்ளே விட மறுத்தது. நாட்டின் பெரிய கம்பெனியின் படமும் செய்தியும் இல்லாமல் வார இதழ் எப்படி விற்கும்? யமமோட்டோ பதவி விலகினார். அத்தனை கம்பெனிகளையும் அழைத்து வந்த பத்திரிகையை, ஒரே கம்பெனி கதவை மூடி அடக்கிவிட்டது. காங் 2007-இல் நின்றுவிட்டது, புரோரெஸ் இன்றும் வருகிறது. அமெரிக்காவில் ப்ரோ ரெஸ்லிங் இல்லஸ்ட்ரேட்டடும் அப்படியே. ஆனால் இப்போது அது கேஃபேப் உடையை அவ்வப்போது கழற்றி வைத்துவிட்டு, ரெஸ்லர்களோடு உண்மையாகவே பேசி எழுதுகிறது.

பழைய இதழ் ஒன்று கிடைத்துப் படிக்க உட்கார்ந்தால், புகைப்படம், தேதியோடு உள்ள ஆட்ட முடிவு, விளம்பரம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். இவற்றில் கைவைத்து மாற்றியது குறைவு. ரெஸ்லரின் உயரம், எடை, வயது, பிறந்த ஊர், கூட்டத்தின் எண்ணிக்கை ஆகியவை கம்பெனி சொன்னதன் நகல், அப்படியே மேற்கோள் காட்டாதீர்கள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் எதுவும் ஆசிரியர் எழுதியது என்றே வைத்துக்கொள்ளுங்கள், வேறு ஆதாரம் கிடைக்கும் வரை. முடிந்தால் ஒரே மாதத்துக் கடை இதழ், கம்பெனி இதழ், செய்திமடல் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஸகோரியன் வழக்கு நடந்த 1991 நடுப்பகுதி நல்ல தொடக்கம். அட்டை மாதம் முன்னே ஓடுவதால், கடை இதழில் அந்த வருஷக் கடைசி மாதங்களின் பெயர் போட்ட பிரதிகளைத் தேட வேண்டியிருக்கும்.